50 மைலுக்கு அப்பால்

அந்தப் பையை முதலில் பார்த்தபோது மளிகைச் சாமான் என்றுதான் நினைத்தேன். வாய் இறுக முடிச்சுப் போட்ட வெள்ளை பிளாஸ்டிக் பை. அவர் அதை மேசையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

2017 பிப்ரவரி. ஃப்ரெஸ்னோவுக்குத் தெற்கே, 99ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சின்ன ஊர். சர்ச் கூடத்தில் சனிக்கிழமைதோறும் ஏழை பாழைகளுக்கு வருமானவரிப் படிவம் இலவசமாக நிரப்பிக் கொடுப்பார்கள். அதில் நானும் ஒருத்தி. கலிபோர்னியாவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு வேலை இருந்தது, எனக்கு விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. கணக்கு தெரியும், நேரம் இருக்கிறது. என் ஸ்பானிஷ் காய்கறிக் கடைக்குப் போதும், வரி அலுவலகத்துக்குப் போதாது. பக்கத்து மேசைப் பெண் மொழிபெயர்த்து உதவுவாள். அப்படித்தான் காலம் போய்க்கொண்டிருந்தது.

பையோடு வந்தவரின் வரி வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஏழு கான்ட்ராக்டர்கள் கொடுத்த ஏழு சம்பளச் சான்றுகள், ஒரு உணவகம் கொடுத்தது ஒன்று. கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் எழுந்திருக்கவில்லை. பையின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே நூறுக்கும் மேல் சம்பளச் சீட்டுகள். ஸ்பானிஷில் 'தலோனெஸ்' என்கிறார்கள்: காசோலையோடு ஒட்டிவரும், கிழித்து வைத்துக்கொள்ளும் துண்டு. சில சுருட்டியிருந்தன, சிலவற்றில் எழுத்து வெளிறிப் போயிருந்தது, ஒன்றில் காப்பிக் கறை.

"இதைத் தேதி வாரியாக அடுக்கித் தர முடியுமா, செனோரா?" என்றார். "லாரி ஓட்டப் படிக்கப் போகிறேன். அரசாங்கம் பணம் கட்டும். ஆனால் நான் வயல் வேலைக்காரன் என்று நிரூபிக்கணுமாம்."

அவர் கையைப் பார்த்தேன். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அரசாங்கத்துக்குக் கை போதாது.

அவர் சொன்ன திட்டத்துக்கு அமெரிக்கத் தொழிலாளர் துறையில் 'தேசிய விவசாயத் தொழிலாளர் வேலைத் திட்டம்' என்று பெயர். வேர் 1964இல் இருக்கிறது. ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிராகப் போர் என்று அறிவித்து நிறைவேற்றிய பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில், ஊர் ஊராகப் போய் அறுவடை செய்கிறவர்களுக்கென்று தனியாக ஒரு பகுதி சேர்த்தார்கள். அதன் பிறகு சட்டத்தின் பெயர் 1973, 1982, 1998, 2014 என்று மாறிக்கொண்டே வந்தது. திட்டம் மட்டும் ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு பிரிவாக ஒட்டிக்கொண்டு பிழைத்துவிட்டது. இப்போதைய சட்டத்தில் அது 167ஆம் பிரிவு. அரசு நேரடியாக நடத்துவதில்லை. அந்தந்த வட்டாரத்தில் உள்ள தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் கொடுத்து நடத்த வைக்கிறது. லாரி உரிமம், வெல்டிங், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவிச் செவிலியர் வேலை, ஆங்கிலம், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்குச் சமநிலைத் தேர்வு, இப்படிப் பல. படிக்கிற காலத்தில் பெட்ரோல், பூட்ஸ், அவசரத்துக்கு வாடகை என்று சில்லறை உதவிகளும் உண்டு.

விண்ணப்பிப்பதற்கு முந்தைய 24 மாதத்துக்குள், தொடர்ச்சியான ஏதாவது ஒரு 12 மாதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த 12 மாதத்தில் பிழைப்பு முக்கியமாக வயல் வேலையில் ஓடியிருக்க வேண்டும். வருமானத்திலோ வேலை நேரத்திலோ பாதியாவது வயலிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. குடும்ப வருமானம் வறுமைக்கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். நாட்டில் வேலை செய்ய அனுமதி வேண்டும். ஆணாக இருந்தால், ராணுவ அழைப்புப் பட்டியலில் பதிந்திருக்க வேண்டும். திராட்சை பறிக்கிறவருக்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

சீட்டுகளை மேசையில் பரப்பினோம். ஒரு வருஷம் முழுக்க அங்கே விரிந்தது. ஜனவரியில் கவாத்து. ஏப்ரலில் பீச், நெக்டரின் மரங்களில் காய் கழிப்பது: நெருக்கமாகப் பிடித்த பிஞ்சுகளை விரலால் உதிர்த்து, மிச்சம் பெருக்க இடம் விடுவது. ஜூன் முதல் பறிப்பு. ஆகஸ்ட் கடைசியில் உலர் திராட்சை. வெட்டிய குலைகளைக் கொடி வரிசைகளுக்கு நடுவில் தரையில் விரித்த காகிதத் தட்டுகளில் பரப்பி, வெயிலே காய வைக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அங்கே கூலி மணிக்கு இல்லை, தட்டுக்கு. ஒரு சீட்டில் 'தட்டுகள்: 312' என்று இருந்தது. குனிந்து குனிந்து 312 தடவை. நவம்பரில் ஆரஞ்சு. அப்புறம் மூடுபனி. பள்ளத்தாக்கில் எதிரே வரும் வண்டி தெரியாத அளவுக்குப் பனி இறங்கும் அந்த வாரங்களில் சீட்டும் இல்லை.

அந்த இடைவெளியில்தான் சிக்கல் வந்தது. சும்மா இருக்கக்கூடாது என்று அவர் டிசம்பரிலும் ஜனவரியிலும் இரவு நேரம் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவியிருந்தார். அப்புறம் வார இறுதிகளிலும் தொடர்ந்திருக்கிறார். கூட்டிப் பார்த்தால் ஒரு 12 மாதக் கணக்கில் உணவக வருமானம் பாதியைத் தொட்டுவிடும் போல இருந்தது. தொட்டுவிட்டால் அவர் வயல் வேலைக்காரர் இல்லை. வேறொரு 12 மாதத்தைப் பிடித்தோம், மார்ச்சிலிருந்து மார்ச். அதில் வயல் ஜெயித்தது. ஆனால் அதற்கு ஜூன் மாதச் சீட்டு நான்கு வேண்டும், இரண்டுதான் இருந்தது. அந்தக் கான்ட்ராக்டருக்கு போன் போட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை.

ஒருவன் சும்மா இல்லாமல் கூடுதலாக உழைத்தால் உதவி கிடைக்காமல் போகிற அபாயம். கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

"என் அப்பாவும் எண்ணினார்" என்றார்.

1986இல் அமெரிக்கா ஒரு குடியேற்றச் சட்டம் போட்டது. ஆவணம் இல்லாத வயல் தொழிலாளர்கள், 1986 மே 1க்கு முந்தைய ஓர் ஆண்டில் 90 நாள் வயலில் வேலை செய்ததைக் காட்டினால் குடியுரிமைக்கான பாதை கிடைக்கும் என்றது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த வழியாக ஆவணம் பெற்றார்கள். இவருடைய அப்பா அதில் ஒருவர். 90 நாளைக் காட்ட அவரும் ஒரு பை வைத்திருந்தாராம். காகிதப் பை. அந்த வழியில் பல வருஷம் கழித்து மகனுக்கும் கிரீன் கார்டு வந்தது. மெக்சிகோவில் ஒஹாகா மாநிலத்து மலைக் கிராமம் சொந்த ஊர். வீட்டுப் பேச்சு மிஸ்டெக் மொழி. ஸ்பானிஷே அவருக்குப் பள்ளியில் வந்த இரண்டாம் மொழிதான். நானும் அவரும் இரவல் மொழியில்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்று தெரிந்த பிறகு எனக்குக் கொஞ்சம் வெட்கம் விட்டது.

கடைசியில் மேஸ்திரி ஒருவரைப் பிடித்து, 'இவர் ஜூனில் என் குழுவில் வேலை செய்தார்' என்று எழுதி வாங்கினார். மேஸ்திரியை இங்கே 'மயோர்தோமோ' என்பார்கள். வயலுக்குக் காரில் ஏற்றிப் போய்க் காசு வாங்குகிறவர் 'ராய்த்தேரோ'. கூலியில் கொஞ்சம் இவருக்கு, கொஞ்சம் அவருக்கு. நம்மூர்த் தேயிலைத் தோட்டக் கங்காணிக் கதை தெரிந்தவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் அதே கூடத்துக்கு வந்து, அனுமதி கிடைத்துவிட்டது என்று சொன்னார். பறிப்பு முடிந்த பிறகு, ஜனவரியில் வகுப்பு, ஏழு வாரம், ஃப்ரெஸ்னோவில். நல்ல செய்திதானே, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டேன்.

"ஜனவரியில் நான் இங்கே இருக்கக்கூடாது, செனோரா."

அப்போதுதான் எனக்கு அந்த 50 மைல் விதி தெரியவந்தது. இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான்.

கலிபோர்னியா மாநில அரசு, புலம்பெயர் வயல் தொழிலாளர் குடும்பங்களுக்காக 1965 முதல் முகாம்கள் வைத்திருக்கிறது. மொத்தம் 24 இடங்களில், ஏறத்தாழ 1,900 வீடுகள். அப்படி ஒரு முகாமில்தான் இவர் குடும்பமும் இருந்தது. மாநிலத்துக்குச் சொந்தம், நடத்துவது பெரும்பாலும் அந்தந்த மாவட்டத்து வீட்டுவசதி வாரியம். வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், பொதுத் துணி துவைக்கும் இடம், சில இடங்களில் குழந்தைகள் காப்பகம். வாடகை வெளியே கேட்பதில் ஒரு பங்குதான். குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஆனால் வருஷத்தில் சுமார் 180 நாள்தான் திறந்திருக்கும். வசந்த காலத்தில் திறந்து, குளிர் தொடங்கும்போது தண்ணீரை நிறுத்திப் பூட்டிவிடுவார்கள். அடுத்த வருஷம் மறுபடி இடம் வேண்டுமென்றால், அதற்கு முந்தைய 6 மாதத்தில் குறைந்தது 3 மாதம் முகாமிலிருந்து 50 மைலுக்கு அப்பால் குடியிருந்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. இந்த வீடு புலம்பெயர்கிறவர்களுக்கு. ஆகவே நீ புலம்பெயர்ந்தாய் என்று காட்டு. அதுதான் தர்க்கம்.

காகிதத்தில் படித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் வந்து உட்கார்ந்துகொண்டால், மெய்யாகவே டெக்சாஸிலிருந்து வருகிறவனுக்கு இடம் இருக்காதே. ஆனால் காலம் மாறிவிட்டது. வயல் தொழிலாளர்கள் முன்புபோலப் பயிரைத் துரத்திக்கொண்டு மாநிலம் மாநிலமாகப் போவதில்லை. தொழிலாளர் துறையின் கணக்கெடுப்பே 2019-20இல் நூற்றுக்கு 85 பேர் ஒரே இடத்தில் குடியிருப்பவர்கள் என்கிறது. இவர்களுக்கும் ஓரிடத்தில் இருக்கத்தான் ஆசை. விதிக்காகப் புலம்பெயர்ந்தார்கள். இந்தக் குடும்பம் ஒவ்வொரு நவம்பரிலும் மூட்டை கட்டி, பேக்கர்ஸ்ஃபீல்டுக்குப் பக்கத்தில் லமான்ட்டில் மைத்துனர் வீட்டுக் கார் ஷெட்டுக்குப் போகும். அங்கே பெரிதாக வேலை ஒன்றும் காத்திருக்கவில்லை. அது 50 மைலுக்கு அப்பால் இருந்தது, அவ்வளவுதான்.

மூத்த பெண்ணுக்கு ஒன்பது வயது. வருஷத்துக்கு இரண்டு பள்ளிக்கூடம். "வகுத்தல் ரெண்டு தடவை படிச்சுட்டா. பின்னம் படிக்கவேயில்லை" என்றார் அவள் அம்மா. ஒரு பள்ளி முடித்த பாடத்தை மற்ற பள்ளி தொடங்கியிருக்கும்; ஒன்று தொடங்காததை மற்றது முடித்திருக்கும். அலைகிற குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்புக்கென்று மத்திய அரசு 1966 முதல் தனித் திட்டமே வைத்திருக்கிறது. மாநில அரசின் விதி பிள்ளையை அலைய விட்டது, மத்திய அரசின் பணம் அலைச்சலுக்கு மருந்து போட்டது.

பயிற்சியிலும் அதே கதை. வாஷிங்டனிலிருந்து வருகிற பணம், ஒரு இடத்தில் இரு, படி, வருஷம் முழுக்க வேலை தேடிக்கொள் என்கிறது. மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவிலிருந்து வந்த வீடு, போனால்தான் திரும்ப வரலாம் என்றது. வேலையில்லாத மாதங்களில்தான் படிக்க நேரம், அதே மாதங்களில்தான் ஊரில் இருக்கக்கூடாது. இரண்டு திட்டத்தையும் வடிவமைத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரே ஆளைப் பற்றித்தான் யோசிக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரரிடம் அன்றிரவு இதைச் சொன்னபோது, "யாராவது ஒரு ஆபீஸர் இன்னொரு ஆபீஸருக்கு போன் பண்ணினா போதுமே" என்றார். அவர் பொறியாளர், அப்படித்தான் நினைப்பார்.

இந்த முகாம்களுக்கு நீளமான முன்கதை உண்டு. 1930களில் ஓக்லஹோமா பக்கம் புழுதிப் புயலிலும் கடனிலும் நிலம் போனவர்கள் கூட்டம் கூட்டமாகக் கலிபோர்னியா வந்தார்கள். வாய்க்கால் கரையில் துணிக்கூடாரம் போட்டுக் கிடந்தவர்களுக்காக மத்திய அரசு முகாம்கள் கட்டியது. ஆர்வின் ஊருக்கு அருகே 1936 வாக்கில் வந்தது அவற்றில் பேர்பெற்றது. அதன் பழைய கட்டடம் சிலவற்றை இன்றும் போய்ப் பார்க்கலாம், நான் பார்த்தேன். வைசேலியா பக்கம் லினெல், வுட்வில் முகாம்களில் போட்ட தகரக் கொட்டகைகள் தற்காலிகம் என்றுதான் எழுப்பப்பட்டன. 1965இலும் அவற்றில் ஆட்கள் குடியிருந்தார்கள். அந்த வருஷம் வாடகையை ஏற்றியபோது கட்டமாட்டோம் என்று போராட்டம் நடத்தினார்கள். 100 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற ஊரில் தகரக் கொட்டகைக்கு வாடகை உயர்வு!

ஓக்லஹோமாக்காரர்களுக்குப் பிறகு 1942 முதல் 1964 வரை மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தத்தில் ஆண்களை மட்டும் கொண்டுவந்தார்கள், பிரசேரோக்கள். அவர்களுக்கு முன்பிருந்தே பிலிப்பைன்ஸ்காரர்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரப் பெண்களைக் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டம் விடாததால், தனிக்கட்டையாகவே தொழிலாளர் விடுதியில் கிழடு தட்டியவர்கள் அவர்களில் பலர். 1965இல் டெலானோ திராட்சை வேலைநிறுத்தத்தை முதலில் தொடங்கியதும் அவர்கள்தான். அந்த முதியவர்கள் கடைசிக் காலத்தில் தங்குவதற்கு 1974இல் டெலானோவில் தொழிற்சங்கமே அக்பயானி கிராமம் என்று ஒரு குடியிருப்பு கட்டியது. அரை நூற்றாண்டு அறுவடை செய்தவனுக்குச் சொந்தமாக ஒரு கதவு கிடைக்கச் சங்கம் வர வேண்டியிருந்தது.

பயிற்சியின் கதையும் சண்டையில் வந்ததுதான். அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வயல்காரர் யாராவது உள்ளே வந்தால் இன்னொரு வயலுக்குத்தான் அனுப்பின. வேறு வேலை, வேறு பயிற்சி என்ற பேச்சே கிடையாது. இதை எதிர்த்து 1972இல் வழக்குப் போட்டார்கள். 1974இல் வாஷிங்டன் நீதிபதி சார்ல்ஸ் ரிச்சி தொழிலாளர் துறைக்கு உத்தரவு போட்டார்: மற்றவர்களுக்குக் கிடைக்கிற எல்லாச் சேவையும் இவர்களுக்கும் கிடைக்க வேண்டும், அதைக் கண்காணிக்க மாநிலத்துக்கு ஒரு அதிகாரி வேண்டும். அந்தக் கண்காணிப்பு அதிகாரி பதவி இன்றும் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கிறது.

சரி, பணம் எவ்வளவு? 2023 நிதியாண்டில் முழுத் திட்டத்துக்கும் சுமார் 9 கோடியே 74 லட்சம் டாலர். வயல் தொழிலாளர்கள் 20 முதல் 30 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். வகுத்தால் தலைக்கு 30லிருந்து 50 டாலருக்குள். ஒரு ஜோடி நல்ல பூட்ஸ் வராது. அந்தத் தொகையில் வீட்டு வசதிக்கென்று ஒதுக்கியது 66 லட்சம் டாலர் அளவுதான். அதிலும் 70 சதவீதமாவது நிரந்தர வீட்டுக்கான வேலைகளுக்குப் போக வேண்டும் என்று நாடாளுமன்றம் நிபந்தனை போட்டிருக்கிறது. இந்தச் சின்ன தொகையையும் ஜார்ஜ் புஷ் (மகன்) ஆட்சியில் பல வருஷங்களும், ட்ரம்ப்பின் முதல் ஆட்சியிலும் பூஜ்யமாக்கும்படி பட்ஜெட்டில் எழுதி அனுப்பினார்கள். பொது வேலைவாய்ப்பு மையங்களே போதும் என்பது வாதம். 1974 தீர்ப்பை யாரும் படிக்கவில்லை போலும். ஒவ்வொரு தடவையும் நாடாளுமன்றம் திரும்பப் பணம் போட்டது.

இன்னொரு குறை எனக்குண்டு. கணக்கெடுப்பில் வயல் தொழிலாளர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு ஆவணம் கிடையாது. அவர்களுக்கு இந்தப் பயிற்சியும் கிடையாது. சர்ச் கூடத்தில் என் மேசைக்கு வருகிறவர்களில் பலர் அவர்கள்தான். வரி கட்டுவதற்கென்று தனி எண் வாங்கி, ஒழுங்காக வரி கட்டிவிட்டுப் போவார்கள். அந்த வரியிலிருந்துதான் எல்லாத் திட்டமும் நடக்கிறது. ஒரு பெரியவர் ஒவ்வொரு வருஷமும் ரசீதைக் கேட்டு வாங்கி, என்றாவது உதவும் என்று பத்திரப்படுத்துவார். 1986க்குப் பிறகு அப்படி ஒரு நாள் வரவேயில்லை.

2018 ஜனவரி. அவர் வகுப்பில் சேர்ந்தார். மனைவியும் பிள்ளைகளும் லமான்ட்டில். இவர் திங்கள் முதல் வெள்ளி வரை செல்மாவில் உறவுக்காரர் வீட்டு ஹாலில் படுத்தார். யாராவது பார்த்து முகாமில் சொல்லிவிடுவார்களோ என்று பயம். அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று யாரிடமும் கேட்கவும் பயம். கேட்டால் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடுமே. வார இறுதியில் லமான்ட்டில் பெட்ரோல் போட்ட ரசீதுகளைச் சேர்த்துவைத்தார். மறுபடியும் ஒரு பை.

லாரிப் பள்ளி நடத்தியவர் ஒரு சர்தார்ஜி. ஃப்ரெஸ்னோ பக்கம் லாரித் தொழிலில் பஞ்சாபிகள் நிறைய. அவர்களில் பலருடைய பாட்டன் பூட்டன் இதே பள்ளத்தாக்கில் வயல் கூலிகளாக வந்தவர்கள், இன்று திராட்சைத் தோட்டத்துக்கு முதலாளிகளும் உண்டு. சர்தார்ஜிக்கு ஸ்பானிஷ் வரும், ஆனால் பஞ்சாபி ராகத்தில் வரும். நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். செம்மண் மைதானத்தில் ஒரு பழைய லாரி. வண்டியை எடுப்பதற்கு முன் அதன் ஒவ்வொரு உறுப்பையும் தொட்டுக் காட்டி, பெயர் சொல்லி, இது உடையவில்லை, வளையவில்லை, கசியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒப்பிக்க வேண்டும். ஸ்லாக் அட்ஜஸ்டர், க்ளாட் ஹேண்ட், ஃபிஃப்த் வீல். நூறு உறுப்புக்கு மேல். தேர்வில் மொழிபெயர்ப்பாளர் கிடையாது.

வண்டி ஓட்டுவதில் அவருக்குச் சிரமமில்லை. டிராக்டரில் பழகிய கை. இந்த ஒப்பிப்பில்தான் முதல் தடவை தோற்றார். இரண்டாம் தடவைக்கு ஒன்பது வயதுப் பெண்ணே வாத்தியார். லமான்ட்டிலிருந்து இரவு போனில் பட்டியலைப் படிப்பாள், இவர் செல்மாவில் சமையலறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருப்பிச் சொல்வார். 'ராங், பப்பி' (தப்பு, அப்பா) என்று அவள் கத்துவது ஹாலில் எல்லோருக்கும் கேட்குமாம்.

தேறிவிட்டார். (2025 வசந்தத்தில், லாரி ஓட்டுநருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் சாலையிலேயே நிறுத்தச் சொல்லி வாஷிங்டனில் உத்தரவு வந்தபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் போன்தான். இவர் சமாளித்துக்கொள்வார். அந்த மைதானத்தில் கூட நின்றவர்கள் எல்லோரும் அப்படியா என்று தெரியாது.)

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அனுபவமில்லாத ஓட்டுநரைக் காப்பீட்டுக்காரர்கள் விரும்புவதில்லை. முதலில் கிடைத்தது தக்காளி லாரி. ஜூலை முதல் அக்டோபர் வரை, இரவு பகலாக, வயலிலிருந்து தொழிற்சாலைக்கு. அப்புறம் வேலை இல்லை. சம்பளம் கூடியது, பருவம் விடவில்லை. பயிற்சி முடிந்து ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து வேலையில் இருக்கிறாரா என்று பார்த்துத்தான் அந்தத் தொண்டு நிறுவனத்துக்கே மதிப்பெண். அதனால் போன் செய்து கேட்டார்கள். கேட்ட மாதம் அக்டோபர் என்பதால் 'வேலையில் இருக்கிறார்' என்று பதிவாகிவிட்டது. அதிர்ஷ்டசாலிகள், அவர்கள்.

50 மைல் விதியில் அதே 2018இல் சாக்ரமெண்டோ ஒரு ஜன்னலைத் திறந்தது. பள்ளிக்கூட வயதில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு, முகாமில் பாதி வீடுகள் வரை விலக்கு கொடுக்கலாம் என்றார்கள். பல வருஷமாகத் தாய்மார்கள் குழந்தைகளோடு போய்க் கேட்டுக் கேட்டுக் கிடைத்தது அது. குளிர்காலத்தில் முகாம் பூட்டுவது பூட்டுவதுதான். ஆனால் அதே ஊரில் ஏதாவது ஒரு மூலையில் ஒதுங்கிக்கொள்ளலாம், பிள்ளை பள்ளி மாற வேண்டாம். இவருடைய மனைவி அந்த வருஷம் லமான்ட்டுக்கு மூட்டை கட்டவில்லை. அவரும் அதே பயிற்சித் திட்டத்தில், தொழிலாளியின் குடும்பத்தவர் என்ற கணக்கில், ஆங்கில வகுப்பில் சேர்ந்தார்.

மூன்று வருஷம் கழித்து, வீடு கட்டுகிறோம் என்று அவரே போன் செய்தார்.

எங்கள் பள்ளத்தாக்கின் உருப்படியான கண்டுபிடிப்பு ஒன்று உண்டென்றால் இதைத்தான் சொல்வேன். 1960களின் தொடக்கத்தில் வைசேலியாவுக்குப் பக்கத்தில் கோஷன் என்ற ஊரில், க்வேக்கர் கிறிஸ்தவர்கள் சிலர் மூன்று வயல் குடும்பங்களைச் சேர்த்து வீடு கட்ட வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் வீட்டை எல்லோரும் சேர்ந்து கட்டுவது, அப்புறம் அடுத்தவர் வீடு. அந்தச் சோதனையிலிருந்து 1965இல் ஒரு அமைப்பு பிறந்தது. இன்று நாடு முழுக்க இந்த முறை இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் ஒரு குழு. கட்டுமான உழைப்பில் 65 சதவீதம் குடும்பங்களுடையது. முன்பணத்துக்குப் பதில் வேர்வை. கடன் மத்திய விவசாயத் துறை கொடுக்கும். வருமானத்தைப் பொறுத்து வட்டி ஒரு சதவீதம் வரைகூடக் குறையும், 33 வருஷத் தவணை. கடைசி வீடு முடியும்வரை எவரும் குடியேறக்கூடாது. என் வீடு முடிந்துவிட்டது, நான் வேலைக்கு வரவில்லை என்று யாரும் நழுவிவிட முடியாது. இந்த ஒரு விதியை எழுதியவரை எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

குடும்பத்துக்கு வாரம் 40 மணி நேரம் என்று கணக்கு. வயலிலும் லாரியிலும் ஓடிவிட்டு 40 மணி நேரம்! சொந்தக்காரர்களும் நண்பர்களும் வந்து வேலை செய்தால் அதையும் குடும்பத்தின் கணக்கில் சேர்ப்பார்கள். அதனால்தான் எனக்கும் போன்.

ஒரு சனிக்கிழமை போனேன். கூரைச் சட்டம் ஏறியிருந்தது, சுவருக்குத் தாள் ஒட்டியிருந்தது. என்னிடம் ஆணி எதையும் நம்பிக் கொடுக்கவில்லை. ஜன்னல் சட்டத்துக்கு முதல் பூச்சு அடிக்கச் சொன்னார்கள். பக்கத்து மனையில் அவர் மனைவி இன்னொருவர் வீட்டுக்குப் பலகை அறுத்துக்கொண்டிருந்தார், கண்ணில் பெரிய கண்ணாடி, காதில் பஞ்சு. மகளுக்கு இப்போது பதிமூன்று வயது. போனைப் பார்த்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தாள். தன் அறை எது என்று கேட்டால் விரலை மட்டும் நீட்டினாள். நண்பகலில் எல்லோரும் கைகழுவி வந்து பலகை மேல் உட்கார்ந்து டமாலே சாப்பிட்டோம். நான் கொண்டுபோன எலுமிச்சம்பழச் சாதத்தை மூன்று பேர் கேட்டு வாங்கினார்கள், ஒருவர் அதற்கு மேல் மிளகாய்ச் சாறும் ஊற்றிக்கொண்டார்.

கிளம்பும்போது மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டினார். பெயர், எந்தக் குடும்பத்துக்காக, வந்த நேரம், போன நேரம், மொத்தம். எட்டுக்கு வந்தேன், பன்னிரண்டரைக்குக் கிளம்புகிறேன். நாலரை என்று எழுதினேன்.

அவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பாட்டு நேரம் அரைமணி கழிக்கணும், செனோரா" என்றார்.

அடித்துவிட்டு நான்கு என்று எழுதினேன். அவர் தாளை வாங்கி இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார்.